வட்டவடை காலியாகவில்லை

"2021 சென்சஸ்படி கேரளத்தின் இடுக்கி மலைக்கிராமமான வட்டவடையில் ஜனம் பாதியாகிவிட்டது, பலருக்கு வேலையில்லை, விவசாயம் போய் எல்லாம் ரிசார்ட்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. 2021இல் சென்சஸே நடக்கவில்லை! கொரோனாவால் தள்ளிப்போனது, 2027க்குத்தான். 2011க்குப் பிறகு சென்சஸ் கணக்கே கிடையாது. 'பாதி' என்பது வாய்க்கு வந்த கணக்கு.

வேலைக் கதையும் அப்படித்தான். வருடத்தில் ஆறு மாதத்துக்கும் குறைவாக உழைத்தவர்களைச் சென்சஸ் தனிப்பிரிவில் எழுதும். பூண்டு பறிக்கும் சீசனில் மட்டும் கூலிக்குப் போகும் பெண் அதில்தான் வருவார்; அவர் வேலையில்லாதவர் அல்ல.

ரிசார்ட்டுகள் வந்தது நிஜம். ஆனால் தமிழ் பேசும் குடும்பங்கள் படிகளாக வெட்டிய சரிவு நிலங்களில் இன்றும் கேரட், உருளை, முட்டைக்கோஸ் போடுகிறார்கள். காந்தளூர்–வட்டவடைப் பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.