ஆல்பம் லிஸ்ட் வேணாம், ஒரு நிமிஷம் போதும்

பியானோ கத்துக்கிறேன், ஜாஸ் பிடிக்கும்னு யார்கிட்டயாவது சொல்லிட்டா உடனே ஒரு லிஸ்ட் வந்துடும். எனக்கும் மூணு வருஷம் முன்னாடி வந்துச்சு, நாப்பது ஆல்பம், அத்தனை பேரும் மேதைங்க, அதுல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா எதை எதுக்காகக் கேக்கணும்னு ஒரு வரி கிடையாது. சமைக்கும்போது, பஸ்ல போகும்போதுன்னு ஒரு மாசம் எல்லாத்தையும் ஓட விட்டேன், எல்லாம் ஒண்ணு போலவே காதுல விழுந்துட்டுப் போயிடுச்சு, கீபோர்டு முன்னாடி உக்காந்தா கைக்கு எதுவும் வரல. அதனால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். கத்துக்கிறவங்களுக்கு ஒரு ரெக்கார்டிங் அனுப்புறீங்கன்னா எந்தப் பாட்டு, அதுல எந்த இடம், அங்க எந்தக் கையைக் கவனிக்கணும், இவ்வளவையும் சேர்த்து அனுப்புங்க.

எனக்கு அப்படிக் கிடைச்ச முதல் பாட்டு ஆஸ்கர் பீட்டர்சன்ங்கிற பியானோக்காரரோட ட்ரையோ, அதாவது மூணு பேர் குழு, வாசிச்ச 'சி ஜாம் ப்ளூஸ்', 1962 டிசம்பர்ல பதிவு பண்ணின 'நைட் ட்ரெயின்' ஆல்பத்துல இருக்கு. டியூக் எலிங்டனோட ட்யூன், மொத்தமே ரெண்டு நோட்தான், ஜி-யும் சி-யும். எங்க க்ளாசுக்கு வர்ற ஒரு பெரியவர்தான் சொன்னார், "அவர் வேகமா ஓடுற இடத்தையெல்லாம் இப்போதைக்கு விடும்மா, அந்த ரெண்டு நோட்டை எங்க வைக்கிறார்னு மட்டும் கேளு"ன்னு. ஒரு வாரம் அதையே கேட்டேன். கேட்டுட்டு அதே ரெண்டு நோட்டை நான் வாசிச்சா நோட் சரியா இருக்கு, பாட்டு நடக்கவே மாட்டேங்குது. அந்த ட்ரையோல ரே பிரவுன் வாசிக்கிற பேஸ் (அடி நோட்டைத் தர்ற பெரிய தந்தி வாத்தியம்) கூடவே தொடையில தட்டிக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்ச பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா அசைய ஆரம்பிச்சுது. ஸ்விங்னா, அதாவது ஜாஸ்ல தாளம் அப்படி அசையுறதுன்னா, என்னன்னு எத்தனையோ வீடியோ பார்த்திருக்கேன், ஆனா அது என் உடம்புல ஏறினது அந்த ரெண்டு நோட்லதான்.

அடுத்தது பில் எவன்ஸ். இதைப் பத்தி எவ்வளவு பேசினாலும் எனக்குத் தீராது. 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை, நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டுங்கிற பேஸ்மென்ட் க்ளப், மத்தியானமும் ராத்திரியுமா இடைவெளி விட்டு அஞ்சு செட் வாசிச்சிருக்காங்க, அதை ரெக்கார்டும் பண்ணியிருக்காங்க, எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பேஸ், பால் மோஷியன் ட்ரம்ஸ். ஹெட்போன்ல கேட்டா ஆளுங்க பேசுறது, கிளாஸ் இடிபடுற சத்தம் எல்லாம் கேக்கும், முன்னாடி இருக்கிறவங்க இப்படிப் பேசிக்கிட்டு இருக்காங்களேன்னு எனக்கு இப்பவும் ஆறாது. அன்னிக்கு வாசிச்சு பதினோரு நாள்ல லஃபாரோ கார் விபத்துல போயிட்டார், 25 வயசு.

அந்த ரெக்கார்டிங்ல என்னைக் கேக்கச் சொன்னது எவன்ஸோட இடது கையை. நமக்கு டி மைனர் கார்டு (சேர்த்து அழுத்துற நோட் கூட்டம்) வாசிக்கணும்னா மொதல்ல டி-யைப் போட்டு அதுமேல அடுக்கச் சொல்லித் தருவாங்க, அவர் பல இடத்துல அந்த அடி நோட்டையே தொட மாட்டார், அதை பேஸ்காரர்கிட்ட விட்டுடுவார். இப்ப கீபோர்டு பக்கத்துல இருந்தா வச்சுப் பாருங்க, டி மைனருக்கு எஃப் ஏ சி இ, அப்புறம் ஜி செவனுக்கு எஃப் ஏ பி இ. மாறினது ஒரே ஒரு விரல், சி-ல இருந்த விரல் பி-க்கு இறங்கிச்சு, அவ்வளவுதான், மொத்தக் கார்டும் மாறிப்போச்சு. அங்கேருந்து சி மேஜருக்கு இ ஜி பி டி, அதுக்கும் கை இருக்கிற இடத்தை விட்டு நகரவே வேணாம். இத்தனை நாளா ஒவ்வொரு கார்டுக்கும் இடது கையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தனியா வாசிச்சா அந்தரத்துல நிக்கிற மாதிரிதான் இருக்கும், டி, ஜி, சி-ன்னு அடி நோட்டை வாயால பாடிக்கிட்டே வாசிங்க, சரியா உக்காரும். நான் இன்னமும் அப்படித்தான் பாடிக்கிட்டே வாசிக்கிறேன்.

இதை நான் திருப்பிச் செஞ்சது எங்க அக்கா பொண்ணுக்கு. ஒன்பதாவது படிக்கிறா, கிரேடு எக்ஸாமுக்காக கீபோர்டு, வீட்ல எக்ஸாம் பீசைத் தவிர வேற எதுவும் வாசிக்கிறதில்ல. அவளுக்கு அகமது ஜமாலோட 'பாயின்சியானா' அனுப்பினேன், 1958 ஜனவரில சிகாகோ பெர்ஷிங் ஹோட்டல் லவுஞ்சுல வாசிச்சது, எட்டு நிமிஷத்துக்கு மேல போகும். மொதல் ரெண்டு நிமிஷத்துல அவர் வாசிக்காம விடுற இடத்தை எல்லாம் கவனின்னு ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டேன். ராத்திரி பதில் வந்துச்சு, "சித்தி, இவர் பாதி நேரம் சும்மாவே இருக்காரே?" அதான்டி கண்ணு விஷயமேன்னு சொன்னேன். அவர் விடுற இடத்துலதான் வெர்னல் ஃபோர்னியேயோட ட்ரம்ஸ் நமக்குக் கேக்குது. அப்போ பல விமர்சகர்கள் இவரை ஹோட்டல்ல பின்னணிக்கு வாசிக்கிற ஆள்னு ஒதுக்கினாங்க, ஆனா மைல்ஸ் டேவிஸ் தன் க்ரூப்ல பியானோ வாசிச்ச ரெட் கார்லண்ட்கிட்ட ஜமால் மாதிரி வாசின்னு சொன்னவர். நிறைய நோட் வாசிச்சாதான் மார்க்னு வளர்ற பசங்களுக்கு இந்த ஒரு பாட்டை யாராச்சும் கேக்க வைக்கணும்.

பியானோக்காரர் கீத் ஜேரட் ஜெர்மனி கோல்ன் நகரத்துல வாசிச்ச கச்சேரிக் கதையை நீங்களும் வாட்ஸப்ல படிச்சிருப்பீங்க, 1975, தப்பான பியானோ வந்துடுச்சு, அதுலயே வாசிச்சு சாதிச்சார்னு. கதை உண்மைதான். ஆனா அதை ஃபார்வர்ட் பண்றவங்க அந்த இசையை அனுப்புறதில்ல, எனக்கு அதுதான் வருத்தம். மேல் பக்கம் சத்தம் மெலிசா இருந்ததால நடுப்பகுதியிலயே நின்னு இடது கைல ஒரே பேட்டர்னைத் திரும்பத் திரும்ப ஓட்டுறார், அதைக் காதால கேட்டாதான் கத்துக்கிறவங்களுக்கு ஏதாச்சும் கிடைக்கும், கதையைப் படிச்சுட்டா என்ன கிடைக்கும்?

எரோல் கார்னர்ங்கிற பியானோக்காரருக்கு நோட்டேஷன் (எழுதி வச்ச இசைக்குறிப்பு) படிக்கவே தெரியாது. 1955 செப்டம்பர்ல கலிஃபோர்னியா கார்மெல்ல அவர் வாசிச்ச கச்சேரியை ஒரு ரசிகர் டேப்ல பதிவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கார், கார்னரோட மேனேஜர் மார்த்தா கிளேசர் அதைப் பார்த்து வாங்கிட்டு வந்ததுதான் 'கான்சர்ட் பை தி சீ'. சவுண்ட் சுமார்தான், இருந்தாலும் இடது கை கிட்டார் மாதிரி தாளம் போட்டுக்கிட்டே இருக்க வலது கை ஒரு நூல் பின்னாடி வர்றது தெளிவா கேக்கும், அதை மட்டும் ஒரு நாள் முழுக்கக் கேளுங்க.

போன வாரம் அக்கா பொண்ணு ஒரு ஆடியோ அனுப்பினா. ஜி, சி, அந்த ரெண்டு நோட் ப்ளூஸ்தான், ஃபேன் சத்தத்தோட. ரெண்டாவது ரவுண்டுல நாலு பார் (தாளச் சுத்து) வலது கையை எடுத்துட்டா, இடது கை மட்டும் ஓடுது. நான் சொல்லிக் குடுக்கல. அந்த நாலு பாரை எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கே இல்ல.

இப்ப நான் தெலோனியஸ் மாங்க்ங்கிற பியானோக்காரர்கிட்ட வந்து நிக்கிறேன். 'தெலோனியஸ் ஹிம்செல்ஃப்' ஆல்பம், 1957, பின்னாடி வந்த பதிப்புல 'ரவுண்ட் மிட்நைட்'டை அவர் ஸ்டுடியோவுல வாசிச்சுப் பார்க்கிறது இருபது நிமிஷத்துக்கு மேல அப்படியே இருக்கு. அவரே எழுதின பாட்டு, அதைப் பாதியில நிறுத்துறார், திரும்பத் தொடங்குறார், ஒரே இடத்தை வேற வேற மாதிரி வச்சுப் பார்க்கிறார். முழுசா நாலு தடவை கேட்டுட்டேன், இன்னும் எனக்குப் பிடிபடல. கேட்டவங்க யாராச்சும் இருந்தா கமென்ட்ல எத்தனாவது நிமிஷம், எந்தக் கைன்னு போடுங்க, நான் அங்கேருந்து ஆரம்பிக்கிறேன்.