ஜீன் இருக்கட்டும், அந்த யூரின் எப்படி வந்தது?

"மெரோபெனமே கேட்கலையாம், ஜீன் டெஸ்ட்டும் எடுத்துடலாமா?" யூரின் கல்ச்சரில் வளர்ந்த கிருமி மெரோபெனம் என்ற பெரிய ஆன்டிபயாடிக்குக்கே அடங்கவில்லை என்றதும் வரும் கேள்வி இது. மருந்தை முறியடிக்கும் ஜீன் அந்தக் கிருமியிடம் இருக்கிறதா என்று தேடுவதுதான் ஜீன் டெஸ்ட். எடுக்கலாம். ஆனால் அந்த யூரின் லேபுக்கு எத்தனை மணிக்கு, எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லையே!

ஏற்காட்டில் காலை 7 மணிக்குப் பிடித்தது, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குள் நுழையும்போது 10 மணி என்று வைத்துக்கொள்வோம். சித்திரை வெயில், பைக் டிக்கி. தோதான சூட்டில் ஈ.கோலை கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 3 மணி நேரத்தில் 512 மடங்கு. கழுவாத தோலிலிருந்து மில்லிக்கு 200 கிருமி சேர்ந்திருந்தாலே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். தொற்று என்று சந்தேகப்பட வழக்கமாக வைத்திருக்கும் கோடும் அந்த ஒரு லட்சம்தான். டிக்கியில் வளர்ந்த கிருமிக்கு ஜீன் பார்த்து என்ன ஆகப்போகிறது?

முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் பிடிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதில் 10, 20 மில்லி போதும். டப்பா லேப் கொடுத்ததாக இருக்கட்டும். கழுவிய டானிக் பாட்டில் வேண்டாம். 2 மணி நேரத்துக்குள் சேராது என்றால் ஐஸ் பேக்கோடு தெர்மாகோல் பெட்டி. போரிக் ஆசிட் டப்பா (கிருமி பெருகாமல் வைக்க ஆசிட் பொடி போட்டது) என்றால் கோடு வரை நிரப்புங்கள்; பாதி பிடித்தால் ஆசிட் தூக்கலாகி, இருக்கும் கிருமியும் செத்து 'வளர்ச்சி இல்லை' என்று வரும். கதீட்டர் போட்டவருக்குப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. குழாயில் மாதிரி எடுக்கவென்று இருக்கும் போர்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, சிரிஞ்சில் எடுக்க வேண்டும்.

மாதிரி சரி, கிருமி பரப்பிய தட்டில் வைத்த மெரோபெனம் டிஸ்கை (மருந்தூட்டிய சின்ன வில்லை) சுற்றிக் கிருமி வளராத வட்டம் 19 மி.மீ. அல்லது அதற்கும் கீழே என்றால், மருந்தை உடைக்கும் என்சைம் கிருமியிடம் இருக்கிறதா என்ற அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஜீனைத் தேடும் பி.சி.ஆர். மெஷின் கட்டாயமில்லை. 2 மில்லி சோயா பிராத்தில் (கிருமி வளர்க்கும் திரவம்) கிருமியைக் கலக்கி, மெரோபெனம் டிஸ்க் போட்டு 4 மணி நேரம். பிறகு அந்த டிஸ்கை மருந்துக்கு அடங்கும் ஈ.கோலை பரப்பிய தட்டில் வைத்து, மறுநாள் பாருங்கள். வட்டம் 15 மி.மீ.க்குள் என்றால் கிருமியின் என்சைம் மருந்தைத் தின்றுவிட்டது. உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் சேர்த்த இரண்டாவது குழாயிலிருந்து எடுத்த டிஸ்கில் வட்டம் 5 மி.மீ. கூடினால் என்.டி.எம். (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) வகை என்சைம். அந்த என்சைமுக்குத் துத்தநாகம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. அதைப் பிடுங்கிவிடும். (பெயரில் டெல்லி இருப்பதற்காக 2010இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வந்தபோது பெரிய ரகளை. அந்த ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன.)

ஐ.சி.யூ.வில் ரத்தத்தில் கிருமி என்றால் ஜீன் டெஸ்ட்டுக்குக் கொடுக்கும் காசு தகும். ஓ.எக்ஸ்.ஏ.-48 (மெரோபெனமை உடைக்கும் இன்னொரு என்சைம்) மட்டும் என்றால் செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து பெரும்பாலும் வேலை செய்யும், என்.டி.எம். இருந்தால் கூடவே அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக்கும் வேண்டும். காய்ச்சலோ எரிச்சலோ இல்லாத கதீட்டர் நோயாளியின் யூரினில் என்.டி.எம். வந்தால், அதற்காக மட்டும் ஊசி ஏற்றுவது வீண். ஜீன் 'நெகட்டிவ்' என்பதும் மெரோபெனம் கேட்கும் என்ற உத்தரவாதமல்ல. மருந்து நுழையும் துளைகளை அடைத்துக்கொண்டு, வேறு என்சைமை வைத்தே தப்பிக்கும் கிளெப்சியெல்லா என்ற கிருமி உண்டு. அதை டிஸ்க் வைத்த தட்டுதான் காட்டும்.