காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வரா?

லெபோ பாசாரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது போலி, வெறும் இரும்பு என்று பினாங்குப் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு. எவர்சில்வரே பெரும்பகுதி இரும்புதான், குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருப்பதால்தான் அது எளிதில் துருப்பிடிப்பதில்லை. காந்தம் ஒட்டுவது உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தையும் பொறுத்தது. எவர்சில்வரில் 304 என்ற எண்ணால் குறிக்கப்படும் வகையில் சுமார் 8 விழுக்காடு நிக்கல் சேர்வதால் அந்த அடுக்கு மாறிவிடுகிறது, காந்தம் ஒட்டாது. (தனி நிக்கல் காந்தத்தில் ஒட்டும் என்பதுதான் வேடிக்கை!) நிக்கல் சேர்க்காத 430 வகையில் காந்தம் நன்றாகவே ஒட்டும், அதுவும் அசல்தான், விலை மலிவு. உப்பு, புளியை 304 கூடுதலாகத் தாங்கும், சரி, ஆனால் அதற்காக மற்றது போலி ஆகிவிடாது. 304 தகட்டையே வளைத்து அழுத்திச் செய்தால் விளிம்புகளில் லேசாக ஒட்டும்.

அப்புறம், இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் இதை நம்பினால் காசுதான் நஷ்டம். அடுப்பின் கம்பிச்சுருளில் வேகமாகத் திசை மாறும் மின்னோட்டம் உருவாக்கும் காந்தப்புலம், பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் சூடாக்குகிறது. காந்தம் ஒட்டாத அடிப்பாகம் என்றால் பெரும்பாலான அடுப்புகள் வேலையே செய்யாது.