403-இல் 127 போனால்

2023 காலாண்டுத் தேர்வில் என் ஒன்பதாம் வகுப்பின் 34 பேரில் 19 பேர் கணக்கில் 35 எடுக்கவில்லை. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். இப்படி ஒரு எண்ணிக்கை வந்தால் எங்களிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: மெல்லக் கற்கும் மாணவர் பட்டியல் தயாரா? பட்டியல் கொடுப்போம். மாலையில் தனி வகுப்பு வைப்போம். அதிலும் அதே பாடத்தை இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சத்தமாக நடத்துவோம். பதினாறு வருடமாக நானும் அதைத்தான் செய்துவந்தேன்.

அந்த முறை மட்டும், மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன்னால் வீட்டு லேப்டாப்பில் எக்ஸெல்லைத் திறந்து, விடைத்தாள்களைக் கேள்வி வாரியாக ஏற்றிப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, ஒரு கேள்விக்கு ஒரு கட்டம். முழு மதிப்பெண் என்றால் பச்சை, பாதி என்றால் மஞ்சள், பூஜ்யம் என்றால் சிவப்பு. இரண்டு இரவு பிடித்தது.

முதலில் கண்ணில் பட்டது என் தவறு. பகுதியை விகிதப்படுத்தும் கணக்கு, அதாவது பின்னத்தின் கீழே இருக்கும் மூலக்குறியை நீக்குவது, மேலிருந்து கீழ்வரை சிவப்பாக நின்றது. எப்போதும் 90 எடுக்கும் பிள்ளைகளுக்கும் சிவப்பு. ஒரு வகுப்பில் அத்தனை பேரும் ஒரே கேள்வியில் விழுந்தால் குறை பிள்ளைகளிடம் இல்லை, நடத்தியவரிடம் இருக்கிறது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அந்தக் கணக்கை ஒரே பீரியடில் ஓட்டியது நினைவு வந்தது. அடுத்த வாரம் மூன்று பீரியட் எடுத்து, முதலிலிருந்து நடத்தினேன்.

அப்புறம் அந்த 19 பேரின் வரிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதிவேட்டில் இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, 12, 18, 23, 27 என்று எண்கள். கட்டங்களில் பார்த்தால் மூன்று விதமான பிள்ளைகள் இருந்தார்கள்.

ஐந்து பேருக்கு நேரடிக் கணக்குகளில் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. கேள்வி வாக்கியமாக வந்த இடமெல்லாம் சிவப்பு. அவர்களைக் கூப்பிட்டுக் கேள்வித்தாளை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார்கள். வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோயிருந்தது. நானே வாசித்துக் காட்டியதும் கணக்கைப் போட்டுவிட்டார்கள். இவர்களுக்கு நான் வருடக்கணக்கில் கணக்கு தனி வகுப்பு எடுத்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. எங்கள் தமிழய்யாவிடம் சொன்னேன். தினமும் மதிய இடைவேளையில் இருபது நிமிடம் உட்கார வைத்து வாசிக்க வைத்தார்.

மூன்று பேர் சில பாடங்களில் சுத்தமாகக் காலி, மற்றதில் நன்றாக இருந்தார்கள். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பெண் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை தோறும் வரவில்லை. ஒரு பையனின் லீவு நாட்களில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. தினசரிக் காலண்டரை எடுத்து ஒப்பிட்ட பிறகுதான் புரிந்தது, எல்லாம் முகூர்த்த நாட்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருக்கிறான். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். "செவ்வாய்க்கிழமை சந்தை டீச்சர். கீரையை வித்தாத்தான் அந்த வாரம் ஓடும். சின்னவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்றார் அம்மா. சின்னவனுக்கு இரண்டரை வயது. அங்கன்வாடி டீச்சரிடம் பேசி அவனைச் சேர்த்தோம். அதன் பிறகு அந்தப் பெண் செவ்வாய்க்கிழமைகளிலும் வந்தாள். மண்டபத்துக்குப் போன பையன் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவன் கொண்டுவரும் பணம் அந்த வீட்டுக்குத் தேவையாக இருந்தது.

மீதி 11 பேர். பல்லுறுப்புக் கோவை வகுத்தலில் முதல் படி சரி, கழிக்கும் படியில் தடம் புரண்டிருந்தார்கள். சந்தேகப்பட்டு மறுநாள் ஒரு தாளில் பத்துச் சின்னக் கணக்குகள் கொடுத்தேன். அதில் ஒன்று 403 − 127. எட்டுப் பேர் 324 என்று எழுதியிருந்தார்கள். எட்டுப் பேருக்கும் அதே 324.

அந்த எண்ணை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனக்குறைவாக இருந்தால் எட்டுப் பேருக்கும் எட்டு விடை வந்திருக்க வேண்டும். இவர்கள் ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறார்கள். நாலில் ஒன்று போனால் மூன்று. பூஜ்யமும் இரண்டும் இருக்கும் இடத்தில் பெரியது இரண்டு, அதில் பூஜ்யம் போனால் இரண்டு. மூன்றும் ஏழும் இருக்கும் இடத்தில் ஏழில் மூன்று போனால் நான்கு. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி, அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பிலோ அதற்கு முன்போ பதிந்த விதி. கடன் வாங்கிக் கழித்தல் அவர்களுக்குப் புரியவே இல்லை, யாரும் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. அந்த விதியைச் சுமந்துகொண்டே ஆறு வகுப்பு ஏறி வந்திருக்கிறார்கள். பாவம், ஒவ்வொரு வருடமும் சிவப்பு மையில் ஒரு தப்புக்குறி மட்டும் வாங்கிக்கொண்டு.

அதே கணக்கைப் பணமாக்கினேன். நூறு ரூபாய்த் தாள் நான்கு, ஒரு ரூபாய்க் காசு மூன்று. கடைக்காரருக்கு 127 கொடுக்க வேண்டும், சில்லறை மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு நூறை மாற்றினால் பத்துப் பத்து ரூபாய், அதில் ஒரு பத்தை மாற்றினால் பத்து ஒரு ரூபாய். அட்டையில் நோட்டு வெட்டி, பெஞ்சில் பரப்பி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு கடை வைத்து விளையாடினோம். முதல் நாள் வெட்கப்பட்டார்கள். நான்காம் நாள் ஒருவன் என்னிடம், "இதத்தான் கடன் வாங்குறதுன்னு சொல்வாங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

இவ்வளவு நீளமாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் தரவு என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். மென்பொருள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் ஒரு பக்கம், எல்லாமே வெட்டி வேலை என்பவர்கள் மறு பக்கம். பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் என்ற அரசு இணையதளத்தின் பதிவேற்றப் பணிகளிலிருந்து ஆசிரியர்களை விடுவிக்க வேண்டும் என்று தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் கோரிக்கை வைத்தபோது நான் அதை ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் தரவே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. பள்ளிக்கூடத்தில் பிறக்கும் தரவு மேலே மட்டும் போகிறது, அதைக் கொடுத்த ஆசிரியர் கையில் உபயோகமான வடிவத்தில் திரும்பி வருவது குறைவு. என் கோபமெல்லாம் அதன் மேல்தான். மாவட்டத்தின் சராசரி எவ்வளவு என்று தெரிந்து நான் என்ன செய்ய? எட்டுப் பேர் 324 எழுதினார்கள் என்று தெரிந்தால் மறுநாள் காலை முதல் பீரியடிலேயே வேலையைத் தொடங்கிவிடுவேன்.

அளந்து வைத்திருப்பதால் என்ன நன்மை என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகிய மூவரும் தமிழக கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்து ஓர் ஆய்வு செய்தார்கள். கொரோனாவுக்கு முன்பே, 2019-இல், எடுத்த அளவு அவர்கள் கையில் இருந்தது. அதனால்தான் 2021 டிசம்பரில் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கியிருந்தார்கள் என்பதையும், பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்பதையும் சொல்ல முடிந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு, 24 சதவீதம், தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக் கொடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தெருத் திண்ணையில் பாடம் சொல்லிக் கொடுத்த அந்தப் பெண்களின் உழைப்புக்கு அப்படி ஒரு கணக்கு கிடைத்ததில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

ஆனால் அளந்து சொன்னால் மட்டும் போதாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஆந்திரத்தில் நடந்தது. வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளைச் சோதித்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்ற விவரமான அறிக்கையை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். பார்வையாளர் வந்த நாட்களில் ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்தார்கள். வருடக் கடைசியில், அறிக்கை கிடைக்காத பள்ளிப் பிள்ளைகளைவிட இவர்கள் ஒன்றும் முன்னே போய்விடவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அறிக்கை வந்தாலும் பாடத்திட்டம் அப்படியே நிற்கிறது, பீரியட் அப்படியே இருக்கிறது. 324-ஐக் கண்டுபிடித்த பிறகு நான்கு நாள் பாடத்தை நிறுத்திவிட்டுக் கடை வைக்க எங்கள் தலைமையாசிரியர் எனக்கு அனுமதி கொடுத்தார். அந்த நான்கு நாள் இல்லையென்றால் என் எக்ஸெல் தாளால் ஒரு பயனும் இருந்திருக்காது.

அமெரிக்காவில் சிகாகோ அரசுப் பள்ளிகளின் கதை எனக்கு மிகவும் பிடித்தது, அதுவும் ஒன்பதாம் வகுப்பைப் பற்றியது என்பதால். அங்கே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எளிமையான ஓர் அளவைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை பத்தாவதுக்குப் போகப் போதுமான பாடங்களை முடித்திருக்க வேண்டும், முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. இப்படி இருக்கும் பிள்ளைகள் நான்கு வருடத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம். அதைத் தெரிந்துகொண்ட பள்ளிகள் வருடக் கடைசி வரை காத்திருக்கவில்லை. வகுப்புக்கு வராத, ஒரு பாடத்தில் சறுக்கும் பிள்ளைகளின் பெயர் வருடத்தின் நடுவிலேயே கைக்கு வந்தது. ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள், பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினார்கள். 2007-இல் 57 சதவீதம் பேர் சரியான தடத்தில் இருந்தார்கள். 2013-இல் அது 82 சதவீதம்.

அதே நாட்டில் அட்லாண்டாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். மதிப்பெண் ஏறினால் பாராட்டு, இறங்கினால் வேலைக்கே ஆபத்து என்ற நிலை. 2011-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் முதல்வர்களும் தேர்வு மோசடியில் சம்பந்தப்பட்டதாகச் சொன்னது. பிள்ளைகள் எழுதிய தப்பான விடையை அழித்துச் சரியானதைக் குறித்திருந்தார்கள். 2015-இல் 11 பேருக்கு எதிராகக் குற்றம் நிரூபிக்கப்பட்டது. தூர தேசத்துச் சங்கதி என்று இதை ஒதுக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தில் அரசுத் தேர்வு எழுதிய பிள்ளைகளையே, அதே கேள்விகளைக் கொண்டு, தனியாகச் சோதித்துப் பார்த்தார் அபிஜித் சிங். அரசுப் பதிவில் இருந்த மதிப்பெண் உண்மையைவிட மிகவும் அதிகமாக இருந்தது.

நானும் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆய்வுக் கூட்டத்தில், திரையில் பள்ளிகளின் பெயர்களைச் சிவப்பில் போட்டுக் காட்டி, தலைமையாசிரியர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த ஒரு ஐயா கை நடுங்க நின்றார். அடுத்த மாத மதிப்பீட்டில் அங்கே சிவப்பே இல்லை. பிள்ளைகள் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்களா? தரவை வைத்து ஆசிரியரை அவமானப்படுத்தினால் அந்தத் தரவு அன்றோடு செத்துப்போகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளை வைத்து அலசினாலும் கிடைப்பது பொய்தான்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். மெல்லக் கற்போர் பட்டியலைப் பெயருடன் வாட்ஸப் குழுவில் போடுவதும், வகுப்புச் சுவரில் ஒட்டுவதும் தயவுசெய்து வேண்டாம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. அரும்பு மலராகும் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 2022-இல் அது 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கியது, மறு வருடம் 4, 5-க்கும் வந்தது. ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து சொல்லிக் கொடு என்பதுதான் அதன் அடிப்படை. என் 11 பேருக்கும் அந்த வயதில் அது கிடைத்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். 2025-இல் 6 முதல் 9 வரை திறன் என்ற பெயரில் அதே எண்ணம் மேல் வகுப்புகளுக்கும் வந்திருப்பது நல்ல காரியம்.

அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இதுதான். எந்தத் தேர்வு நடத்தினாலும், கேள்வி வாரியான, பிள்ளை வாரியான விவரம் ஒரு வாரத்துக்குள் அந்த வகுப்பு ஆசிரியருக்கு வரட்டும். ஒரு பக்கம் போதும். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் ஒரே தப்பை எழுதினார்கள் என்பது அதில் இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பாடத்தை நிறுத்தி நான்கு நாள் பின்னால் போக ஆசிரியருக்கு உரிமை கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்த விவரத்தை இன்னொரு படிவத்தில் திரும்பக் கேட்காதீர்கள். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் காணொளி காட்டும் நேரத்தில் பாதியை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் தாள்களை விரித்து வைத்துப் பேசிக்கொள்ள விடுங்கள்.

அந்த 34 பேரும் 2025 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார்கள். மாநிலத்தின் தேர்ச்சி 93.80 சதவீதம் என்று அறிவித்த அன்று நான் தேடியது அந்த 11 பேரின் பெயர்களைத்தான். ஒன்பது பேர் கணக்கில் தேறியிருந்தார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவன் துணைத்தேர்வில் தேறினான். இன்னொருவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கல்யாண மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தவனும் தேறிவிட்டான். இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றில் இருக்கிறான். முகூர்த்த நாட்களில் இன்னும் பரிமாறத்தான் போகிறானாம், ஆனால் மாலைப் பந்திக்கு மட்டும்.