ஜவ்வாது மலைக்கு எதுக்குடா அண்டா?

ராத்திரி 11.40க்கு சாப்பிட்டேன். அதைச் சாப்பாடுன்னு சொல்றதே தப்பு. மேல வெறச்சு நிக்கிற அரிசி, அடியில கரி, நடுவுல ரெண்டு வாய் பிரியாணி. இதுக்காக ஆறு பேர் வேலூர்லேர்ந்து ஜவ்வாது மலை ஏறினோம். ஊர் வந்து ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் வயிறு எரியுது. காரத்தால இல்ல.

போன சனிக்கிழமை ஜமுனாமரத்தூர் பக்கம் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கறதுன்னு முடிவு. நான் ஒரு வாரம் முன்னாடியே குரூப்ல சொல்லிட்டேன். "சாப்பாட்டை நான் பாத்துக்கறேன். ராத்திரிக்கு சாமைப் பொங்கல், சுட்ட கத்திரிக்கா கொத்சு. காலையில மொளகட்டின பயறு, அவிச்ச முட்டை, கேவுரு கஞ்சி."

வந்த பதில்: "இன்னாடா மச்சான், ஆஸ்பத்திரி சாப்பாடு போடறே?"

வேலூர்க்காரன்கிட்ட சொல்ற பேச்சா இது? நம்ம ஊர் லாட்ஜுங்கள்ல எங்கெங்கேர்ந்தோ வைத்தியத்துக்கு வந்தவங்க ஒரு சின்ன அடுப்பு, ஒரு குக்கரை வெச்சுக்கினு மாசக்கணக்குல சமைச்சுச் சாப்பிடறதைப் பாத்தே வளர்ந்தவன் நான். ஒரு ரூம், ஒரு அடுப்பு, நாலு டப்பா. அதுல மூணு வேளை சமைக்கறாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஒரு ராத்திரிக்கு அண்டா வேணுமாம், கரண்டி வேணுமாம், தம் போடறதுக்கு மூடி மேல வைக்கக் கல்லு வேணுமாம்.

ஆம்பூர்க்காரன் ஒருத்தன் இருக்கான் எங்க கூட்டத்துல. "எங்க ஊர்ப் பேரையே கெடுக்காதடா, பிரியாணி இல்லாம டென்டா?"ன்னு ஆரம்பிச்சான். அவ்ளோதான், ஓட்டு அஞ்சுக்கு ஒண்ணு. ஆம்பூர் பிரியாணியை நான் குறை சொல்லல, சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா அது ஊர்ல, காய்ஞ்ச விறகுல, கை பழகின மாஸ்டர் போடறது. கைபேசி டார்ச் வெளிச்சத்துல, ஈர விறகுல, யூடியூப் பாத்து நம்ம போடறது இல்ல.

கறிக்கடை, அரிசிக்கடை, அண்டா வாடகைக் கடைன்னு சுத்திட்டு வேலூரை விட்டுக் கிளம்பறப்பவே ரெண்டு மணி. கண்ணமங்கலத்துல டீ, போளூர்ல இன்னொரு டீ. ரெண்டரை கிலோ கோழி, ஐஸ் கிடையாது ஒண்ணும் கிடையாது, டிக்கியில நாலு மணி நேரம் வெந்துக்கினே வந்துது. பச்சைக் கறியை வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாதுடான்னு சொன்னா, "மசாலால கிருமியெல்லாம் செத்துடும்"ங்கறான் காட்பாடிக்காரன். அவன்தான் மறுநாள் காலையில மூணு வாட்டி செம்பைத் தூக்கிக்கினு ஓடினான். பாவம்னு சொல்ல மனசு வரல.

மேல போனா முந்தின நாள் பேஞ்ச மழையில விறகு நனைஞ்சு கெடக்குது. ஊதி ஊதி அஞ்சு பேருக்கும் கண்ணு செவந்துபோச்சு. "உள்ள போய் காய்ஞ்ச சுள்ளி பொறுக்கிக்கினு வரேன்"னு ஒருத்தன் கிளம்பினான். இடத்துக்காரர் போட்ட சத்தத்துல திரும்பி வந்தான். காப்புக்காடு அது. அங்க போய் விறகு எடுக்கறதும் நெருப்பு மூட்டறதும் குத்தம். குரங்கணியில 2018-ல மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டி எரிஞ்சுபோனதை எல்லாரும் டிவியில பாத்தவங்கதான். நெருப்புன்னா அவர் மூட்டச் சொல்ற இடத்துல மூட்டணும், அணைக்கச் சொல்றப்ப தண்ணி ஊத்தி அணைக்கணும். நாலு மணி நேரம் எரியற நெருப்பு அங்க யாருக்குமே நிம்மதி இல்ல.

எனக்கு உண்மையிலயே வயித்தெரிச்சல் இதுதான். அதே மலையில இருக்கற காவலூர்ல, வானம் பாக்க இருட்டு நல்லா இருக்குதுன்னு 1986-ல 2.34 மீட்டர் தொலைநோக்கி வெச்சாங்க. அப்பேர்ப்பட்ட இருட்டுல, அன்னிக்குப் பாத்து மேகமும் விலகி நட்சத்திரம் கொட்டிக் கெடக்கறப்ப, நான் குனிஞ்சு ரெண்டு கிலோ வெங்காயம் நறுக்கிக்கினு இருந்தேன். லைட்டுக்கு வந்த பூச்சியில பாதி தாளிப்புல விழுந்துது. யாருகிட்டயும் சொல்லல.

இன்னொரு கொடுமை. அந்த மலையே சாமை விளையற மலை. அங்க இருக்கற மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமா விதைச்சுச் சாப்பிடற தானியம். 2023-ஐ ஐநா சபையே சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடிச்சு. நம்ம ஆளுங்க அந்த சாமைக் கொல்லை பக்கத்துலயே உக்காந்து காலையில நூடுல்ஸ் பாக்கெட் பிரிச்சாங்க. பிரிச்ச காகிதம் காத்துல பறந்து கொல்லைக்குள்ள போச்சு. ஓடிப்போய்ப் பொறுக்கினவன் நான்.

சாமைப் பொங்கல்ல என்னடா கஷ்டம்? வீட்டுலயே ரெண்டு டம்ளர் சாமை, ஒரு டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், காய்ஞ்ச கறிவேப்பிலை, உப்பு எல்லாத்தையும் ஒரே பையில கட்டிடணும். மேல போய் பத்து டம்ளர் தண்ணி கொதிக்க வெச்சுக் கொட்டினா அரை மணியில குழைஞ்சுடும், நெய்யை விட்டு இறக்க வேண்டியதுதான். துவரம்பருப்பை மட்டும் மலைக்குத் தூக்காதீங்க. உயரம் ஏற ஏற தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிக்க ஆரம்பிச்சுடும், குக்கர் இல்லாம அது வேகறதுக்குள்ள விடிஞ்சுடும்.

பொங்கல் வேகற நேரத்துல, ஓரமா இருக்கற தணல்ல கத்திரிக்கா. அணைக்கட்டுப் பக்கம் விளையுதே, இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, புவிசார் குறியீடு வாங்கினது, அது கெடைச்சா அதிர்ஷ்டம். தோல் கருகி, காம்புகிட்ட சாறு கொப்புளிச்சுச் சொய்ங்குன்னு சத்தம் வரும், அப்ப எடுக்கணும். தோலை உரிச்சு, கையாலயே மசிச்சு, சின்ன வெங்காயம், பச்சை மிளகா, கொஞ்சம் புளி, உப்பு. எண்ணெய் ஒரு சொட்டு வேணாம். இதுவாடா ஆஸ்பத்திரி சாப்பாடு?

பயறை வெள்ளி ராத்திரி ஊறப்போட்டு, சனிக்கிழமை காலையில ஈரத்துணியில கட்டிப் பையில தொங்கவிட்டா, வண்டியிலயே மொளைவிட்டு வந்துடும். ஞாயித்துக்கிழமை காலையில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு அப்படியே சாப்பிடலாம். முட்டையைக் கேவுரு மாவு டப்பாக்குள்ள புதைச்சு வெச்சா மலை வளைவுல ஒண்ணுகூட உடையாது. எங்க ஆயா அரிசிப் பானையில வெச்ச மாதிரிதான். முட்டையை எடுத்து அவிச்சாச்சுன்னா, மிச்சம் இருக்கற மாவைக் கரைச்சு கஞ்சி காய்ச்சி மோர் ஊத்திக்கலாம். இவ்ளோ சாமானும் ஒரு தோள்பையில அடங்கிடும்.

அடங்கிச்சு. நான் கட்டி எடுத்துக்கினு போன பை அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்துது. நேத்து ராத்திரி தனியா பொங்கிச் சாப்பிட்டேன்.

அண்டா இன்னும் எங்க வீட்டு வராண்டாலதான் கெடக்குது. அடிப்பிடிச்சதைத் தேய்க்க ஒருத்தனும் வரல. வாடகைக் கடைக்காரர் காலையில போன் பண்ணி, "தம்பி, இன்னியோட மூணு நாள் வாடகை ஆவுது"ன்னார். ஆம்பூர்க்காரன் நம்பரைக் குடுத்துட்டேன்.