பாலத்துக்கு முன்னால் முடிந்துவிடும் தடம்

நான் தினமும் செல்லும் சாலையில் மிதிவண்டிகளுக்கென்று ஒரு தனித்தடம் இருக்கிறது. பச்சை வண்ணம் பூசி, இடையிடையே வெள்ளையில் மிதிவண்டிப் படம் வரைந்து, வாகனங்கள் உள்ளே ஏறிவிடாதபடி பிளாஸ்டிக் கம்பங்கள் நட்டு, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரம் அது ஒழுங்காகவே வருகிறது. அதன்பின் ஆற்றுப் பாலம் வருகிறது. பாலத்துக்குச் சில அடிகள் முன்பாகப் பச்சை நின்றுவிடுகிறது. அங்கே அறிவிப்புப் பலகையும் இல்லை, மாற்றுவழியும் இல்லை. பாலத்தைக் கடந்து மறுகரை சேர்ந்தால், ஆற்றோரமாக மரநிழலில் பல கிலோமீட்டர் செல்லும் பாதை ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விடுபட்டிருப்பது ஏறத்தாழ 400 மீட்டர். அந்த 400 மீட்டரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்த இடத்தில் பல காலை வேளைகளில் நின்று பார்த்திருக்கிறேன். பழகியவர்கள் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேகத்தைக் கூட்டி வாகன வரிசைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பின்பக்கக் கேரியரில் கருவிப் பையைக் கட்டியிருந்த ஒரு பெரியவர், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, ஒரு லாரியையும் அதன் பின்னால் வந்த இரண்டு பேருந்துகளையும் போகவிட்டு, பிறகும் ஏறத் துணியாமல் நின்றுகொண்டிருந்தார். பள்ளிச் சீருடையில் வந்த ஒரு சிறுமி இறங்கி, முன்சக்கரத்தைத் தூக்கி நடைபாதையில் ஏற்றி, எதிரே நடந்து வருபவர்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டு, பாலம் முழுவதையும் தள்ளிக்கொண்டே கடந்தாள். அவள் பிடித்திருந்த கைப்பிடியின் ரப்பர் உறை, பாலத்தின் பக்கச்சுவரில் உரசிக் கிழிந்து, உள்ளே இருந்த இரும்பு வெளியே தெரிந்தது. ஒருநாள் உரசலில் அது அப்படிக் கிழிந்திருக்க முடியாது.

மிதிவண்டித் தடங்களுக்காகக் குரல் கொடுப்பவர்களிடம் நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். எத்தனை கிலோமீட்டர் போட்டீர்கள் என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். எங்கே அறுந்திருக்கிறது என்று கேட்கத் தொடங்க வேண்டும். கிலோமீட்டர் கணக்கைக் கேட்டால் கிலோமீட்டர் கணக்கு கிடைக்கும். எங்கே போடுவது எளிதோ அங்கே, அகலமான சாலையில், யாருடைய எதிர்ப்பும் இல்லாத நீளத்தில், தடம் போடப்படும். சந்திப்பு, பாலம், ரயில்வே கடவு, சுரங்கப்பாதை ஆகிய கடினமான இடங்களில் அது மறைந்துவிடும். ஆனால் அச்சம் இருப்பது அந்தக் கடினமான இடங்களில்தான். பாலத்தில் குறுக்குத் தெரு கிடையாது என்பதால் வாகனங்கள் அங்கே வேகமெடுக்கின்றன. ஒரு வாகனத்தின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 50 ஆகும்போது, அது மோதும் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. வேகம் குறைவான இரண்டு கிலோமீட்டரில் எனக்குப் பாதுகாப்புத் தந்துவிட்டு, வேகம் கூடும் 400 மீட்டரில் கைவிடுவது எந்தக் கணக்கு?

இது எனக்கு மட்டும் தோன்றிய எண்ணமன்று. அமெரிக்காவின் சான் ஹோசே நகரத் தெருக்கள் ஒவ்வொன்றும் மிதிவண்டி ஓட்டுபவருக்கு எவ்வளவு மன அழுத்தம் தருகின்றன என்று தரம் பிரித்து ஆராய்ந்த ஓர் அறிக்கை 2012-இல் வெளியானது. அமைதியான தெருக்கள் அந்நகரில் ஏராளமாக இருந்தன. ஆனால் அவை ஒவ்வொன்றும் பெருஞ்சாலைகளால் சூழப்பட்ட தீவுகளாகக் கிடந்தன. ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குட்பட்ட வேலைப் பயணங்களில், சாதாரண மனிதர் ஒருவர் அஞ்சாமல் வீட்டிலிருந்து பணியிடம் வரை சென்று சேரக்கூடியவை வெறும் 4.7 விழுக்காடுதான். தேர்ந்தெடுத்த சில இடங்களைச் சீர்செய்தால் அது 12.7 விழுக்காடாக உயரும் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. ஒரு பயணத்தின் தரத்தை அதன் சராசரி தீர்மானிப்பதில்லை, அதிலுள்ள ஆகமோசமான இடமே தீர்மானிக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் அடிப்படை. அந்தச் சிறுமியின் பயணத்தை முடிவுசெய்வதும் இரண்டு கிலோமீட்டர் பச்சை அன்று, பாலம்தான்.

நெதர்லாந்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அவர்கள் பிறவியிலேயே மிதிவண்டிக்காரர்கள், நமக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த எண்ணம் வரலாற்றுக்கு முற்றிலும் மாறானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கும் சாலைகள் கார்களுக்காக அகலப்படுத்தப்பட்டன, மிதிவண்டிப் பயன்பாடு சரிந்தது, இறப்புகள் பெருகின. 1971-இல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் சாலைகளில் உயிரிழந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பொருளில், பெற்றோர்களின் இயக்கத்துக்குப் பெயராக அமைந்தது. அவர்கள் தெருக்களை மறித்தார்கள், குழந்தைகளை அங்கே விளையாட வைத்தார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடி, கார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருக்கும் என்பதை மக்களுக்குக் காட்டியது. 1975-இல் மிதிவண்டி ஓட்டுநர்களின் சங்கம் உருவானது. இன்று அந்நாட்டில் நடைபெறும் பயணங்களில் கால்பங்குக்கும் மேல் மிதிவண்டியில்தான் நடைபெறுகின்றன.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். 1970-களின் பிற்பகுதியில் டில்பர்க், தி ஹேக் ஆகிய நகரங்களில் மாதிரிக்கென்று உயர்தரமான ஒற்றைத் தடங்களை அமைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தடத்துக்கு இடம் மாறினார்களே தவிர, நகரம் முழுவதிலும் மிதிவண்டிப் பயன்பாடு எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. அதன்பின் 1980-களில் டெல்ஃப்ட் நகரில் வேறுவிதமாகச் செய்தார்கள்: ஒரு பெருமைமிக்க தடத்துக்குப் பதிலாக, ஊரெங்கும் ஒன்றோடொன்று இணையும் வலையை வரைந்து, எங்கெல்லாம் கண்ணி விட்டுப்போயிருக்கிறதோ அங்கெல்லாம் சிறு பாலம், சிறு சுரங்கப்பாதை, சிறு குறுக்குவழி என்று கட்டி இணைத்தார்கள். இன்றும் அந்நாட்டின் வடிவமைப்பு வழிகாட்டி நூல், நல்ல மிதிவண்டிக் கட்டமைப்புக்குச் சொல்லும் ஐந்து இலக்கணங்களில் இடையறாத இணைப்பும் ஒன்று.

பொழுதுபோக்குப் பாதைகள் என்று ஒதுக்கப்படும் நெடும்பாதைகளுக்கும் இதே விதிதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1977-இல் கூடிய ஒரு சிறு குழு, கைவிடப்பட்ட ரயில் தடத்தில் 1979 முதல் தன்னார்வலர்களைக் கொண்டே வேலை தொடங்கி, 1986-இல் பாத் நகரம் வரை ஏறத்தாழ 21 கிலோமீட்டரை முடித்தது. அந்தக் குழுதான் பின்னாளில் சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் நாடு முழுவதற்குமான மிதிவண்டி வலையமைப்பை முன்னெடுத்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரை செல்லும் கிரேட் அலெகனி பாதையின் நீளம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அதன் முதல் துண்டு 1986-இல் திறக்கப்பட்டது. கடைசித் துண்டு 2013-இல்தான் முடிந்தது. கடைசிவரை இழுத்தடித்தது மலையும் அன்று, சுரங்கமும் அன்று. பிட்ஸ்பர்க் நகரின் விளிம்பில் இருந்த ஒரு குறுகிய இடைவெளி. நிலம் வேறொருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். இருபத்தேழு ஆண்டுகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இடைவெளிகள் ஏன் தோன்றுகின்றன என்பதை நான் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. பெரும்பாலும் அது பணப் பற்றாக்குறையாலும் இல்லை, இடப் பற்றாக்குறையாலும் இல்லை. எங்கள் சாலை ஒரு துறையின் பொறுப்பு, பாலம் இன்னொரு துறையின் பொறுப்பு, ஆற்றங்கரை மூன்றாவதன் பொறுப்பு. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் வேலையைச் சரியாகவே முடித்திருக்கிறார்கள். வரைபடத்தில் தடம் அறுந்திருக்கும் இடங்களை எடுத்துக்கொண்டு, அதன்மேல் நிர்வாக எல்லைகளை வரைந்து பாருங்கள்; இரண்டும் எத்தனை இடங்களில் ஒன்றாகப் பொருந்துகின்றன என்பது உங்களுக்கே தெரியும். எனவே ஓர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு இன்னோர் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வரும். மிதிவண்டி ஓட்டும் சிலர் சேர்ந்த எங்கள் குழு கொடுத்த மனு ஓராண்டுக்கும் மேலாக அப்படித்தான் சுற்றியது. மூன்று துறையினரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பச்சை முடியும் அந்தக் கோட்டின்மேல் நிற்கவைத்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது. அலுவலக மேசையில் 400 மீட்டர் என்பது ஓர் எண். பேருந்து உரசிச் செல்லும்போது அதே 400 மீட்டர் வேறொன்றாகத் தெரிகிறது.

சிறிய வெற்றி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே தடத்தில் மழைநீர் வடிகாலின் இரும்பு மூடிகள் சில இருந்தன. அவற்றின் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி, சக்கரம் உருளும் திசையிலேயே, நீளவாக்கில் அமைந்திருந்தது. குறுகிய டயர் கொண்ட மிதிவண்டியின் முன்சக்கரம் அதில் இறங்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும்; ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாக முன்னே விழுவார். எங்களில் ஒருவர் அப்படித்தான் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நாங்கள் ஒவ்வொரு மூடியின் அருகிலும் ஒரு மிதிவண்டிச் சக்கரத்தை நிறுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது தெரியும்படி அளவுநாடாவோடு படமெடுத்து, இடம் குறித்து அனுப்பினோம். சதுர மூடிகள் என்பதால் புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. எடுத்து, குறுக்குவாட்டில் திருப்பி வைத்தால் போதும். வைத்தார்கள். பல மாதங்கள் நாங்கள் பொதுவாக எழுதிய கடிதங்கள் சாதிக்காததை அந்தப் படங்கள் சில வாரங்களில் சாதித்தன.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் குழு வேலைசெய்யும் முறையே மாறிவிட்டது. ‘மிதிவண்டிக்கு உகந்த நகரம் வேண்டும்’ என்று நாங்கள் இப்போது எழுதுவதில்லை. எந்தச் சந்திப்பில், எந்தத் திசையில், எத்தனை மீட்டர், அங்கே சாலையின் அகலம் என்ன, எந்தத் துறையின் பொறுப்பு என்று எழுதுகிறோம். சாலைகளுக்கு மறுதளம் போடும் கால அட்டவணையைத் தேடி எடுத்துவைத்துக்கொள்கிறோம்; ஏனென்றால் தார் போட்ட பிறகு கோடுகள் எப்படியும் புதிதாகத்தான் வரையப்பட வேண்டும், அந்த வேளையில் தடத்தைச் சேர்த்து வரைவதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அது வரைபடத்தில் ஏறியிருக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த மறுதளம் வரை பல ஆண்டுகள் காத்திருக்க நேரும்.

வாகனம் நிறுத்தும் இடம் போய்விடும் என்று அஞ்சும் கடைக்காரர்களின் கவலையை நான் மதிக்கிறேன். சரக்கு இறக்க நேரம் ஒதுக்கியும், பக்கத் தெருவில் இடம் காட்டியும் தீர்க்கக்கூடிய கவலை அது. ‘இங்கே யாரும் மிதிவண்டி ஓட்டுவதில்லையே, யாருக்காகத் தடம்?’ என்ற வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்பெயினின் செவில் நகரிலும் ஒருகாலத்தில் அதையே சொன்னார்கள். அங்கே 1987-இல் தொடங்கப்பட்ட மிதிவண்டி ஓட்டுநர் சங்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தது. 2006-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் நகர நிர்வாகம், வாகனங்களிலிருந்து தடுப்பால் பிரிக்கப்பட்ட ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடத்தை, துண்டு துண்டாக இல்லாமல், ஒரே வலையாகக் கட்டிமுடித்தது. அரிதாகக் கண்ணில்பட்ட மிதிவண்டிகள் சில ஆண்டுகளிலேயே பல மடங்கு பெருகின. அந்த மனிதர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அல்லர். அதுவரை அஞ்சி வீட்டில் வண்டியை நிறுத்திவைத்திருந்தவர்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் மிதிவண்டித் திட்டங்களைக் கவனித்த ராஜர் கெல்லர், தம் நகர மக்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ‘ஆர்வம் உண்டு, ஆனால் அச்சம்’ என்ற வகையினர் என்றும், எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுபவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் மதிப்பிட்டார்.

இதைப் படிக்கும் சக மிதிவண்டி ஆர்வலர்களிடம், அன்போடும் சற்று வருத்தத்தோடும், ஒன்று கேட்கிறேன். நம் கூட்டங்களுக்கு வருபவர்கள் யார்? பெரும்பாலும் அந்த ஒரு விழுக்காட்டினர். கியர் வண்டியும் தலைக்கவசமும் ஒளிரும் மேலாடையும் உடையவர்கள். வாகன வரிசைக்குள் நுழைந்து பாலத்தைக் கடந்துவிடக்கூடிய நமக்குப் பாலம் ஒரு பெரிய சிக்கலாகவே தோன்றுவதில்லை. அதனால் நாம் விடுமுறை நாள் நெடும்பயணங்களுக்கான பாதையைக் கேட்கிறோம். இரவுப்பணி முடிந்து விளக்கில்லாத வண்டியில் திரும்பும் காவலாளியோ, பொருள் கொண்டுசேர்க்கும் இளைஞரோ, கைப்பிடி கிழிந்த அந்தச் சிறுமியோ மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு வர முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்கள் கடக்கும் நேரத்தில் நாம்தான் போக வேண்டும். காலை ஐந்தரை மணிக்குச் சந்திப்பில் நின்று, யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், எங்கே இறங்கித் தள்ளுகிறார்கள் என்று குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணிய பிறகுதான், எங்கள் கோரிக்கைப் பட்டியலில் முதலிடம் ஆற்றங்கரைப் பாதையை நீட்டிப்பதிலிருந்து பாலத்துக்கு மாறியது.

பாலத்தின் சாலைப்பரப்பை நாங்கள் அளந்துவிட்டோம். வாகனத் தடங்கள் ஒவ்வொன்றும் தேவைக்கு மேல் அகலமாக இருக்கின்றன. அவற்றைச் சற்றே குறுக்கினால், ஒரு வாகனத் தடத்தைக்கூட எடுக்காமல், இருபுறமும் தடுப்புடன் கூடிய மிதிவண்டித் தடத்துக்கு இடம் கிடைக்கிறது. அகலம் குறைந்தால் வாகனங்களின் வேகமும் குறையும். அந்தப் பாலத்துக்கு மறுதளம் போடும் முறை வரவிருக்கிறது. மீட்டர் கணக்கோடு வரைந்த படத்தை மூன்று துறைகளுக்கும் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன் மறுபடியும் அவர்களை அந்தக் கோட்டின்மேல் வந்து நிற்கக் கேட்டிருக்கிறோம். காலையில் வாருங்கள், பள்ளி தொடங்கும் நேரத்துக்கு முன்பாக.