வாட்டில் படுத்தால் என்ன தருவீங்க?

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்த தம்பிக்கு ராத்திரி ஒரு மணிக்கு வயிற்றுவலி. 1990 என்ற இலவச ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம், அந்த மழையிலும் தோட்டத்து ரோட்டிலும் ஆம்புலன்ஸ் லயத்துக்குக் கீழே வரைக்கும் வந்துவிட்டது, விடிவதற்குள் டவுன் பெரியாஸ்பத்திரியில் அப்பெண்டிக்ஸ் ஒபரேஷனும் முடிந்தது. ஐந்து நாள் வாட். செலவு என்று பார்த்தால் எங்கள் பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, வெளியே ஃபார்மசியில் வாங்கிவரச் சொன்ன ஒரு ஊசிமருந்து, அவ்வளவுதான்.

இப்போது கதைக்கு வருகிறேன். கடையில் நின்று சம்பாதிக்கும் இந்தப் பையன் மாதம் 6,500 ரூபாய் ஒரு தனியார் காப்புறுதிக்குக் கட்டுகிறான். "பத்து லட்சம் கவர்ண்ணே" என்று பெருமையாகச் சொல்வான். வீட்டுக்கு வந்து ஒரு கிழமை கழித்து ஏஜென்டுக்குப் போன் பண்ணினால், "அண்ணே, பில் இல்லாம க்ளைம் இல்லண்ணே" என்கிறார். பில் எங்கிருந்து வரும்? அரச ஆஸ்பத்திரியில் ஒபரேஷனுக்கு யார் பில் போடுகிறார்கள்? பத்து லட்சமும் தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கண் திறக்கும். வாட்டில் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று தரும் நாள்காசுப் பகுதியை அதே பொலிசியில் சேர்த்திருக்கலாம், மாதம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பத்து லட்சம் என்று சொன்னால் கையெழுத்து விழும், நாளுக்கு இரண்டாயிரம் என்று சொன்னால் விழாது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் தனியார் காப்புறுதிக்கு எதிரி இல்லை, என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் அமெரிக்காக்காரன் வாங்குவது மாதிரி நாம் வாங்கக் கூடாது. இந்த நாட்டில் காப்புறுதி அட்டை இல்லாதவனையும் வாட்டில் சேர்த்து ஒபரேஷன் பண்ணி அனுப்புகிறார்கள், அதற்கான பிரீமியத்தை நாம் கடையில் சாமான் வாங்கும்போதே வரியாகக் கட்டிவிட்டோம். தனியார் பொலிசி அதற்கு மேலே வரும் இரண்டாவது கூரை. முதல் கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துத்தான் இரண்டாவதைப் போட வேண்டும்.

ஒழுகத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 2022 மார்ச்சில் பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைத்தார்களே, அந்தப் பயத்தில் பொலிசி எடுத்தவர்கள் என் ஸ்டாஃப் ரூமிலேயே நாலு பேர். ஆனால் நம்மாட்களுக்கு வழக்கமாக வரும் செலவு வேறு மாதிரி: வாட்டில் படுத்துக்கொண்டே வெளியே ஸ்கேன், வெளியே இரத்தப் பரிசோதனை, வெளியே மருந்து, பிறகு கண்டிக்கு மாற்றினால் கூட நிற்பவருக்கு தினம் சாப்பாடு, போக்குவரத்து, அவருக்குப் போன நாள் சம்பளம். இதற்கெல்லாம் உதவுவது நாள்காசுதான். முன்பு ஒருதடவை நான் வாட்டில் நாலு நாள் கிடந்தபோது என் பழைய பொலிசி நாளுக்கு 2,000 தந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் கார்ட் மட்டும் கொடுத்தேன், ஒரு பில்லும் கேட்கவில்லை.

அரச உத்தியோகத்தர்களுக்கு இன்னொரு விஷயம். நமக்குச் சம்பளத்தில் அக்ரஹார என்ற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதிக்கு வெட்டுகிறார்கள், பாதிப் பேருக்கு அதில் என்ன கிடைக்கும் என்றே தெரியாது. அரச வாட்டில் தங்கினாலும் நாளுக்கு ஒரு தொகை உண்டு. கல்யாணமாகாதவர்களுக்கு அம்மா அப்பாவும் அதற்குள் வருவார்கள், தாலி கட்டியதும் அவர்கள் வெளியே, மனைவி பிள்ளைகள் உள்ளே. (மாமியார் மருமகள் சண்டையை அரசாங்கமே தொடங்கி வைக்கிறது.)

சரி, அக்ரஹாரவும் இருக்கிறது, தனியார் பொலிசியும் இருக்கிறது, இரண்டிலும் முழுக்காசு வாங்கலாமா? முடியாது. மனைவிக்குப் பித்தப்பைக் கல் எடுக்கத் தனியாரில் 4,10,000 ஆனது. மூலப் பில்லை முதலில் காப்புறுதிக் கம்பனிக்குக் கொடுத்தேன், அவர்கள் தங்கள் எல்லைப்படி 2,50,000 தந்தார்கள். மிச்சத்தைத்தான் அக்ரஹாரவிடம் கேட்கலாம், அதுவும் அவர்கள் அட்டவணையில் உள்ள அளவுக்கு. அதற்கு கம்பனி அத்தாட்சிப்படுத்திய பில் பிரதியும் எவ்வளவு தந்தோம் என்ற கடிதமும் வேண்டும். அந்த ஒரு கடிதத்துக்கு ஏழு கிழமை அலையவிட்டார்கள், அக்ரஹார காலக்கெடு முடியப் போகிறதே என்று எனக்குத்தான் தூக்கம் போனது. அதனால் மூலப் பில்லைக் கொடுக்கும் அன்றைக்கே பிரதியும் கடிதமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாள்காசுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது பில்லைப் பார்த்துத் தருவதில்லை, இரண்டு பக்கமும் வரும்.

தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டால் "எங்களுக்கு ஒன்னும் இல்ல சேர்" என்பார்கள். இருக்கிறது. ஈ.டி.எஃப்., அதாவது ஊழியர் நம்பிக்கை நிதியம். உங்கள் சம்பளத்தில் ஒரு சதம் பிடிக்காமல் தோட்டக் கம்பனி கட்டும் 3 சதவீதம். வயதானால் எடுக்கும் காசு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கண்புரை ஒபரேஷனுக்கு வைக்கும் லென்சுக்கும் இதய சத்திரசிகிச்சைக்கும் அதிலிருந்து உதவி உண்டு. ஆனால் வேலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். எங்கள் அம்மா பென்ஷன் வயது வரும்வரை மங்கலான கண்ணோடே கொழுந்து பறித்தார், வேலையிலிருந்து பேர் வெட்டிய பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது, லென்ஸ் காசு கையிலிருந்து போனது. வாத்தியார் மகன் இருந்தும் இந்த லட்சணம்.

ஏஜென்ட் வீட்டுக்கு வந்தால் டீ கொடுங்கள், நம் பிள்ளைகள்தான். அப்புறம் முதல் கேள்வியாக "கவர்மென்ட் வாட்ல படுத்தா என்ன தருவீங்க?" என்று கேளுங்கள். ஏற்கெனவே சீனி, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள், "அதைப் போட வேணாம் அக்கா" என்று அவர் சொன்னால் க்ளைம் நேரத்தில் அந்த அக்காதான் அழவேண்டும். ஆயுள் காப்புறுதியோடு சேர்ந்த பொலிசி என்றால் கைக்கு வந்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். எனக்கு வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ், அந்த 21 நாளில் எங்கள் லயத்தில் யார் அதைப் படித்து முடிப்பது?

தம்பியின் பொலிசிக்கு ஜனவரியோடு வருடம் முடிகிறது. நாள்காசைச் சேர்த்துத் தரச் சொல்லி ஏஜென்டுக்கு மூன்று நாளாக அடிக்கிறான். கட்டுப்பணத் தேதிக்கு முதல் நாள் தவறாமல் எடுப்பவர், இப்போது போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார்.